அடகு வைத்த காப்பு: ஆளுமை விருத்தி நூல்கள் பற்றி

சென்ற வருட நடுப்பகுதியில் எமது பாடசாலை நூலகத்துக்குப் பழைய மாணவர் சிலர் சேர்ந்து ஒரு தொகைப் பணம் தந்தார்கள். கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது. கதை, கவிதை எல்லாம் இருக்கிறது போதும். ஆளுமை விருத்தி, தலைமைத்துவம், ஆக்கத்திறன் ஆகிய மூன்று தலைப்புகளில் மட்டும் நூல்கள் வாங்க வேண்டும். தமிழ் டீச்சர்தானே நிறைய வாசிக்கிறவர் என்று பட்டியல் போடும் வேலை என் தலையில் விழுந்தது.

சக ஆசிரியர்களிடம் கேட்டேன். பயிற்சிப் பட்டறை நடத்துகிறவர்களிடம் கேட்டேன். எல்லோரும் தந்தது ஏறத்தாழ ஒரே பட்டியல்தான். ஸ்டீபன் கவியின் ஏழு பழக்கங்கள், நெப்போலியன் ஹில், டேல் கார்னகி, கியோசாகியின் பணக்காரத் தந்தை, ரோண்டா பைரனின் இரகசியம், ரொபின் ஷர்மாவின் ஐந்து மணிக் கழகம், கலாமின் அக்னிச் சிறகுகள். கொழும்புக் கடைகளில் தமிழ் நூல் அடுக்கின் முன்வரிசையில் நிற்பவையும் இவையே. நானும் இவற்றில் பாதியை மேலோட்டமாகப் புரட்டிவிட்டு மேடையில் மேற்கோள் காட்டியவள்தான். இம்முறை நாலு மாதம் எடுத்து, பென்சிலோடு உட்கார்ந்து வாசித்தேன். அப்படி வாசித்ததற்கு ஒரு காரணம் இருந்தது.

சில வருடங்களுக்கு முன் உயர்தர வகுப்பில் ஒரு பிள்ளை இருந்தாள். வாப்பா உப்பளத்தில் கூலி வேலை, உம்மா குவைத்தில். முதல் தடவை பெறுபேறு சரிவரவில்லை. இரண்டாம் தடவைக்கு ஆயத்தமானபோது மனதின் சக்தி பற்றிய ஒரு நூலை நான்தான் அவள் கையில் கொடுத்தேன். நூலின் பெயர் வேண்டாம், கொடுத்தவள் நான். அவள் அதை ஓதுவது போல ஓதினாள். கொப்பி மட்டையின் உட்புறத்தில் தான் எடுக்கப்போகும் இசட் புள்ளியை எழுதி ஒட்டிவைத்தாள். இரண்டாம் தடவையும் பல்கலைக்கழகத்துக்குப் போதாத பெறுபேறு வந்தது. அழவில்லை. "நான் சரியா நம்பல்ல போல டீச்சர். உள்ளுக்க எங்கயோ சந்தேகம் இருந்திச்சி" என்று மட்டும் சொன்னாள்.

அந்தப் பாடத்துக்கு எமது பாடசாலையில் ஒன்றரை வருடமாக ஆசிரியர் இல்லை. வார இறுதி டியூஷனுக்குப் போக பஸ் காசு இருந்த வாரமும் உண்டு, இல்லாத வாரமும் உண்டு. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். ஆனால் அந்த நூலை வாசித்த பிறகு இவையெல்லாம் அவளுக்குக் காரணங்களாகவே தெரியவில்லை. தன் மனம் ஒன்றுதான் குற்றவாளியாகத் தெரிந்தது. ஒரு நூல் ஒரு பிள்ளைக்கு இதைச் செய்யுமென்றால் அதை வெறும் 'உற்சாகமூட்டும் நூல்' என்று விட்டுவிட முடியாது. இலக்கிய நூலை விமர்சிக்கிற அதே கண்டிப்போடு இவற்றையும் விமர்சிக்கத்தான் வேண்டும். எமது விமர்சகர்கள் இந்த அடுக்கின் பக்கமே வருவதில்லை. வாசகர்களோ அங்கேதான் நிற்கிறார்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வகை எழுத்து அமெரிக்காவிலிருந்து இறக்குமதியான சரக்கு, எங்களுக்கு அந்நியமானது என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. தமிழில் அற நூல் மரபு எவ்வளவு பழையது என்பது தெரிந்ததே. எமது சமூகத்துக்குள்ளேயே தொண்டியில் பிறந்த எம். ஆர். எம். அப்துற் றஹீம் இருக்கிறார். இஸ்லாமியக் கலைக்களஞ்சியம் தொகுத்த அதே கைதான் 'முன்னேறுவது எப்படி?', 'எண்ணமே வாழ்வு', 'வாழ்வது ஒருமுறை' போன்றவற்றையும் எழுதியது. எங்கட வாப்பாமார் காலத்தில் வாசிக்கிற பழக்கமுள்ள முஸ்லிம் வீடுகளில் அவருடைய ஒரு நூலாவது இருக்கும். இன்று விற்கிற மொழிபெயர்ப்புகளோடு ஒப்பிட்டால் அவருடைய தமிழ் எவ்வளவோ மேல். வாக்கியத்துக்கு வாக்கியம் 'நீங்கள்', 'உங்களுடைய', 'உங்களால்' என்று இடிக்காது. அவரிடமும் குறை உண்டு. பெரியார்களின் வாழ்விலிருந்து துணுக்குகளை எடுத்து மாலையாகக் கோக்கும்போது அந்தத் துணுக்கின் முன்னும் பின்னும் காணாமல் போய்விடுகிறது. ஆனாலும் அவர் கோத்த மாலையில் கல்விக்கும் ஒழுக்கத்துக்கும் இடமிருந்தது. பணம் ஒன்றே வெற்றி என்று அவர் சொல்லவில்லை.

இதைவிடப் பழைய ஒரு சான்று என்னை யோசிக்க வைத்தது. திருக்குறளில் ஊக்கமுடைமை, மடியின்மை, ஆள்வினையுடைமை, இடுக்கணழியாமை ஆகிய நான்கு அதிகாரங்களும் 60 முதல் 63 வரை அடுத்தடுத்து வருகின்றன. மேடைப் பேச்சாளர்கள் அதிகம் கொள்ளையடிக்கும் இடம் இது. ஆனால் இவை எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேணும். பொருட்பாலில், அரசியல் என்று உரையாசிரியர் பகுத்த 25 அதிகாரங்களின் கடைசியில். அதாவது 'சோம்பாதே, முயற்சி செய்' என்ற பேச்சு முதலில் ஆளுகிறவனை நோக்கியே வருகிறது. அதற்கு முன்பே அவனுக்குச் செங்கோன்மை சொல்லியாகிவிட்டது. கொடுங்கோன்மை பற்றி எச்சரித்தாயிற்று. பெரியாரைத் துணைக்கோடலும் சுற்றந்தழாலும் சொல்லியாயிற்று. வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று மூன்று அதிகாரங்கள் தனியாக. அறத்துப்பாலின் முடிவில் ஊழ் என்று ஓர் அதிகாரமும் உண்டு. இவ்வளவையும் கழித்துவிட்டு கடைசி நான்கை மட்டும் பிய்த்தெடுத்து, அரசனுக்குச் சொன்னதை உப்பளத்துக் கூலியின் மகளுக்குச் சொல்வதுதான் இன்றைய ஆளுமை விருத்தி நூல். வள்ளுவரை எல்லோருக்கும் பொதுவாக வாசிப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. இடனறிதலை விட்டுவிட்டு வாசிப்பதில்தான் ஆட்சேபம்.

இனி நூல்களுக்கு வருகிறேன்.

ஹில்லின் நூல் வெளிவந்தது 1937இல், அமெரிக்காவில் பொருளாதாரப் பெருமந்தம் இன்னும் தீராத காலம். வேலை இழந்தவனுக்கு 'செல்வம் உன் எண்ணத்தில் இருக்கிறது' என்று சொன்ன நூல் அது. கேட்கிறவனுக்கு அது எவ்வளவு இதமாக இருந்திருக்கும் என்று விளங்குகிறது. 2006இல் பைரன் அந்தச் சரக்கை இன்னும் வடிகட்டி, கேள், நம்பு, பெற்றுக்கொள் என்று மூன்று படியாக்கினார். இந்த நூலைப் பற்றி எமக்குள் ஒரு விசேட மயக்கம் இருக்கிறது. இது துஆவைத்தானே சொல்கிறது, எங்கட மார்க்கத்தில் ஏற்கனவே உள்ளதுதானே என்று மேடையில் பேசுகிறவர்களை நானே கேட்டிருக்கிறேன். மேலோட்டமாகப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். ஆனால் துஆவில் கேட்கப்படுகிறவனுக்கு நாட்டம் உண்டு. தரலாம், தாமதிக்கலாம், வேறொன்றாகத் தரலாம், தராமலும் விடலாம். கேட்டவள் அதற்காகத் தன்னையே கழுவிலேற்ற வேண்டியதில்லை. பைரனின் பிரபஞ்சத்துக்கு நாட்டம் இல்லை. அது கட்டளைக்குப் பணியும் இயந்திரம். ஆகவே பொருள் வரவில்லை என்றால் பிழை ஒரே ஒரு இடத்தில்தான் இருக்க முடியும்: கேட்டவளின் நம்பிக்கையில். "நான் சரியா நம்பல்ல போல" என்று அந்தப் பிள்ளை சொன்னது இந்தத் தர்க்கத்தின் பிசகாத முடிவு. ஒட்டகத்தைக் கட்டச் சொன்ன ஹதீஸை அறிந்த சமூகம் இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் விட்டதுதான் ஆச்சரியம். பட்டியலில் இந்த இரண்டும் இல்லை.

கியோசாகியை வாசிக்கும்போது எனக்குத் தனிப்பட்ட கோபம் வந்ததை மறைக்கப்போவதில்லை. 1997இல் வந்த அந்த நூலில் 'ஏழைத் தந்தை' யார்? படித்தவர், கல்வித்துறையில் உழைத்து உயர்ந்தவர், சம்பளத்துக்கு வாழ்ந்தவர். அதாவது என்னைப் போன்ற ஒரு வாத்தியார். தான் பிறந்த தந்தையை ஏழை என்று தலைப்பிலேயே வைத்து, நண்பனின் தந்தையைப் புகழ்கிற நூலை ஓர் ஆசிரியை தன் மாணவர்களுக்குச் சிபாரிசு செய்வதில் ஒரு வேடிக்கை இருக்கத்தான் செய்கிறது. கோபத்தைத் தள்ளிவைத்துப் பார்த்தால், வருமானத்தைத் தருவது சொத்து, செலவைத் தருவது பொறுப்பு என்ற அவருடைய எளிய பிரிப்பு பிரயோசனமானது. தவணைக்கு மோட்டார் சைக்கிள் எடுத்துவிட்டு முழிக்கிற எங்கட இளைஞர்களுக்கு அந்தப் பக்கங்கள் தேவை. ஆனால் கடனை வைத்தே சொத்து வளர்ப்பது அவருடைய போதனையின் ஒரு தூண். வட்டியைப் பற்றி எமக்கு உள்ள கேள்வி அவருக்கு இல்லை. இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அந்தக் கேள்வியை எழுப்பாமல் அந்த நூலை எமது பிள்ளைகளின் கையில் கொடுப்பவருக்குத்தான் அவசியம் இருக்கிறது. வகுப்பில் ஆசிரியரோடு வாசிக்கலாம் என்று குறிப்பு எழுதி வைத்தேன்.

ஐந்து மணிக்கு எழும்புகிறவர்களின் கழகத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. ஐந்து மணிக்கு எழும்பினால் வெற்றி என்றால் எங்கட ஊர் உம்மாமார் எல்லோரும் இந்நேரம் கோடீஸ்வரிகளாக இருக்க வேணும். நாலரைக்கு எழும்பி, சுபஹ் தொழுது, பிள்ளைகளுக்கும் புருஷனுக்கும் சாப்பாடு கட்டிக் கொடுக்கிறவர்களுக்கு அந்த முதல் ஒரு மணித்தியாலத்தைத் தனக்காக ஒதுக்கச் சொல்கிற நூல், அந்த ஒரு மணித்தியாலத்தில் அடுப்படியில் யார் நிற்பது என்று சொல்வதில்லை.

ஸ்டீபன் கவி இவர்களில் ஒருவர் அல்ல. 1989இல் வந்த அவருடைய நூல் தொடங்குவதே இந்த அடுக்கின் மீதான ஒரு விமர்சனத்தோடுதான். அமெரிக்காவின் இருநூறு வருட வெற்றி இலக்கியத்தைப் படித்துப் பார்த்ததாகவும், முதல் நூற்றைம்பது வருடங்கள் குணத்தைப் பற்றிப் பேசின என்றும், கடைசி ஐம்பது வருடங்கள் வெளித்தோற்றத்தையும் உத்திகளையும் பற்றியே பேசின என்றும் அவர் சொல்கிறார். சுரங்க ரயிலில் பிள்ளைகள் கத்திக் குழப்ப, தந்தை கண்ணை மூடிப் பேசாமல் இருக்கிற சம்பவத்தை வாசித்தவர்கள் மறக்க மாட்டார்கள். தாய் இறந்த வைத்தியசாலையிலிருந்து அவர்கள் வந்துகொண்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரியும். முதலில் மற்றவரை விளங்கிக்கொள் என்ற ஐந்தாம் பழக்கத்தை ஆசிரியர் அறையில் ஒரு நாள் கடைப்பிடித்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

எனக்கு இடறுவது அவருடைய இரண்டு வட்டங்கள். நாம் கவலைப்படும் விடயங்கள் பெரிய வட்டம். எமக்குச் செல்வாக்குள்ள விடயங்கள் அதற்குள் சின்ன வட்டம். சின்ன வட்டத்தில் உழைத்தால் அது விரியும் என்கிறார். ஒரு முகாமையாளருக்கு இது பொன்னான புத்தி. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் புத்தளத்துக்கு வந்து சேர்ந்தபோது நான் சின்னப் பிள்ளை. மூன்று பேர் இருந்த வாங்கில் ஆறு பேர் இருந்தோம். பக்கத்தில் வந்து உட்கார்ந்தவளுக்குச் செல்வாக்கு வட்டம் எவ்வளவு இருந்திருக்கும்? அவர்களுடைய வட்டம் விரிந்தது தனித்தனியாக உழைத்ததால் மட்டுமல்ல. முகாமுக்குள் ஓலைக் கொட்டிலில் பள்ளிக்கூடம் நடத்தியவர்களும், இடம் கொடுத்தவர்களும், மனுக் கொடுத்து அலைந்தவர்களும் சேர்ந்ததால்தான். கவி ஆறாம் பழக்கத்தில் கூட்டு இயக்கம் பற்றிப் பேசுகிறார்தான். அது அலுவலக மேசையைச் சுற்றி உட்கார்ந்த சமமானவர்களின் கூட்டு. ஆனாலும் அவரைப் பட்டியலில் சேர்த்தேன், இரண்டு பிரதிகள்.

அக்னிச் சிறகுகளை எத்தனையோ தடவை பரிசளிப்பு விழாவில் கொடுத்திருக்கிறேன். பிள்ளைகளும் வாங்கிப்போய், கனவு காணுங்கள் என்ற ஒற்றைச் செய்தியோடு திரும்பி வருவார்கள். இம்முறை பென்சிலோடு வாசித்தபோது அந்த நூல் வேறொன்றாகத் தெரிந்தது. சென்னை எம்.ஐ.டி.யில் சேர ஏறத்தாழ ஆயிரம் ரூபாய் வேண்டும். தந்தை ஜைனுலாப்தீனிடம் இல்லை. சகோதரி ஸொஹ்ரா தன் காப்பையும் சங்கிலியையும் அடகு வைக்கிறார். நூலில் இது சில வரிகள்தான். ஆனால் கலாம் அதை மறைக்கவில்லை. தன் உழைப்பில் மீட்பதென்று உறுதி கொண்டதையும் எழுதுகிறார். புத்தகங்களையும் வெளியுலகையும் காட்டிய ஜலாலுத்தீன், ஓடும் ரயிலிலிருந்து எறியப்படும் பத்திரிகைக் கட்டுகளைப் பொறுக்க வைத்து முதல் சம்பளம் தந்த சம்சுத்தீன் என்று அந்த நூலின் முதற்பகுதி முழுக்க வேறு கைகள்தான். தோல்வியும் இலக்கத்தோடு இருக்கிறது: விமானப் படைத் தேர்வில் 25 பேரில் ஒன்பதாவது, எடுக்கப்பட்டவர்கள் எட்டுப் பேர். மனதை இன்னும் கொஞ்சம் உறுதியாக வைத்திருந்தால் எட்டாவதாக வந்திருப்பேன் என்று அவர் புலம்பவில்லை.

தலைமைத்துவத்துக்கு நான் பிள்ளைகளுக்குச் சொல்வதும் அவர் பல மேடைகளில் சொன்ன ஒரு சம்பவத்தைத்தான். 1979 ஓகஸ்ட் 10ஆம் திகதி எஸ்.எல்.வி-3 ரொக்கெட் வங்கக் கடலில் விழுந்தது. திட்டத்தின் பொறுப்பாளர் கலாம். பத்திரிகையாளர் முன் போய் நின்று பொறுப்பை ஏற்றவரோ நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18ஆம் திகதி அது வெற்றிபெற்றபோது தவான் பின்னால் நின்றுகொண்டு கலாமைப் பேச அனுப்பினார். தலைமைத்துவம் பற்றிய தடித்த நூல்கள் இருபது அத்தியாயத்தில் சுற்றிச் சுற்றிச் சொல்வது இந்த இரண்டு நாளில் இருக்கிறது. எமது நிகழ்வுகளில் மேடையில் யார் முன்வரிசை என்று நடக்கும் இழுபறியைப் பார்த்தவர்களுக்கு மேலதிக விளக்கம் வேண்டியதில்லை.

அந்தக் காப்பு எனக்கு ஓர் அளவுகோலாகிவிட்டது. எந்த வெற்றிக் கதையை எடுத்தாலும், இதில் யாருடைய காப்பு அடகில் இருக்கிறது, அதை எழுதியவர் சொல்கிறாரா என்று பார்க்கத் தொடங்கினேன். சொல்கிற நூல்கள் பெரும்பாலும் 'வெற்றி' அடுக்கிலேயே இல்லை. 1965இல் வெளியான மல்கம் எக்ஸின் சுயசரிதை அப்படி ஒன்று. சிறையில் கடிதம் எழுதத் தன்னிடம் சொல் இல்லை என்று கண்டு, அகராதியை முதல் பக்கத்திலிருந்து கையால் பிரதி பண்ணுகிறார். விளக்கணைத்த பிறகு நடைபாதை வெளிச்சத்தில் வாசிக்கிறார். காவலர் வரும் சத்தம் கேட்டால் கட்டிலுக்குள் பாய்ச்சல், போனதும் மறுபடி தரையில். சுய விருத்தி என்பது இதுதான் என்று தமிழ் டீச்சராக நான் சத்தியம் பண்ணுவேன். ஆனால் அதோடு அந்த நூல் நிற்கவில்லை. அவரைச் சிறைக்கு அனுப்பிய சமூகம் எது என்பதையும் எழுதுகிறது. 1964இல் ஹஜ்ஜுக்குப் போனபின் தான் முன்பு மேடைமேடையாகச் சொன்னது பிழை என்று ஒப்புக்கொள்வதையும் எழுதுகிறது. தன் பிழையை அச்சில் ஒப்புக்கொண்ட தலைவரை எங்கட பிள்ளைகள் ஒருவரையாவது சந்திக்கட்டும்.

விக்டர் ஃபிராங்கிள் இன்னொருவர். நாஸிகளின் வதைமுகாம்களிலிருந்து மீண்ட யூத மனநல வைத்தியர். மனிதனின் கடைசிச் சுதந்திரம் தன் மனநிலையைத் தெரிவு செய்வது என்ற அவருடைய கருத்தை எல்லாப் பயிற்சியாளர்களும் எடுத்துக்கொள்கிறார்கள், கவியும் எடுக்கிறார். அதே நூலின் ஆரம்பத்தில், தப்பி வந்தவர்கள் தற்செயல்களாலும் அற்புதங்களாலும் தப்பியவர்களே, எம்மில் சிறந்தவர்கள் திரும்பி வரவில்லை என்று அவர் எழுதியிருப்பதை ஒருவரும் எடுப்பதில்லை. ஹில்லோ பைரனோ அப்படி ஒரு வரியை எழுதவே முடியாது.

ஆக்கத்திறனுக்கு ஒதுக்கிய பணத்தில் அதிகம் தேடவில்லை. எட்வர்ட் டி போனோவின் ஆறு தொப்பிகள் ஒரு நல்ல வகுப்பறை விளையாட்டு. ஒரு சிறுகதையை ஆறு குழுவாக ஆறு நிறத் தொப்பியோடு வாசிக்க வைத்தேன், கறுப்புத் தொப்பிக்குத்தான் அடிபிடி. நடன அமைப்பாளர் ட்வைலா தார்ப் 2003இல் எழுதிய நூலை ஆசிரியர்களுக்கென்று வாங்கினோம். ஆங்கிலம்தான். ஒவ்வொரு புதுப் படைப்பையும் ஒரு காட்போட் பெட்டியோடு ஆரம்பித்து, கிடைப்பதையெல்லாம் அதில் போடுகிறார். அவரும் விடியற்காலையில் எழும்புகிறவர்தான். ஆனால் அதை உலகை வெல்லும் மந்திரமாகச் சொல்லாமல், டெக்ஸியில் ஏறி உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்தது என்று வேலையாளின் குரலில் சொல்கிறார். இப்போது என் வகுப்பிலும் பதினைந்து சப்பாத்துப் பெட்டிகள் இருக்கின்றன.

பட்டியலில் ஓர் இடம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது. எங்கட ஆட்கள் எங்கே? சித்திலெப்பை 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கினார். 1885இல் அசன்பே சரித்திரம் தந்தார். பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் திறந்தார். ஏ. எம். ஏ. அஸீஸ் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம். 1945இல் முஸ்லிம் புலமைப்பரிசில் நிதியை ஆரம்பித்தார். 1948இலிருந்து 1961 வரை ஸாஹிராவை நடத்தினார். இவர்களைப் பற்றி நூல்கள் இருக்கின்றன. நல்ல ஆய்வுகளும் உண்டு. ஆனால் பதினேழு வயதுப் பிள்ளை கையில் எடுத்து, ஓர் இரவில் வாசித்து முடித்து, இவருக்கும் எனக்கு வந்த கஷ்டம்தான் வந்திருக்கிறது என்று சொல்லக்கூடிய ஒரு நூல் எனக்கு அகப்படவில்லை. பிரமுகர்கள் மறைந்தால் நினைவு மலர் போடுகிறோம். அதில் வாழ்த்துச் செய்தி பத்து, புகைப்படம் இருபது. அன்னார் பிழை விட்டதாக ஒரு வரி இராது. பள்ளிக்கூடம் கட்டக் காசு எங்கிருந்து வந்தது, யார் தர மறுத்தார்கள், எந்த வருடம் மூட இருந்தது, சம்பளம் இல்லாமல் எந்த டீச்சர் படிப்பித்தார், யாருடைய நகை ஈடு போனது என்று எழுதினால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். காப்பை மறைத்துவிட்டுக் கலாமை மட்டும் படம் பிடிக்கிற வேலையை நாங்கள் வீட்டிலேயே செய்துகொண்டு, அமெரிக்க நூல்களை மட்டும் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கடைசியில் முப்பத்தொரு நூல்கள் வாங்கினோம். காசு தந்தவர்களில் ஒருவர், மல்கம் எக்ஸ் எப்படி ஆளுமை விருத்திக்குள் வருவார் என்று கேட்டார். அகராதிக் கதையைச் சொன்னேன், தலையாட்டினார், இரகசியம் ஏன் இல்லை என்று மறுபடியும் கேட்டார். அந்தப் பிள்ளை இப்போது ஒரு முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். பின்னேரங்களில் டிப்ளோமா ஒன்று செய்கிறாள். நூலகத்துக்கு வந்தபோது அக்னிச் சிறகுகளை எடுத்துக் கொடுத்தேன், இம்முறை நானும் உட்கார்ந்து முதல் அத்தியாயங்களை அவளோடு வாசித்தேன். ஸொஹ்ராவின் பகுதி வந்ததும் நிறுத்திவிட்டு, "எங்கட உம்மாவும் போற நேரம் ராத்தாட நகையத்தான் வெச்சிட்டுப் போன" என்றாள்.

அந்த வெறுமையான இடத்துக்கு இன்னும் நூல் தேடிக்கொண்டிருக்கிறேன். இதை வாசிக்கிறவர்கள் வீட்டு அலுமாரியில் யாராவது மூத்த ஆசிரியரின் நாட்குறிப்பு, பள்ளிக்கூடம் கட்டிய காலத்துக் கணக்குக் கொப்பி, பழைய கடிதங்கள் ஏதும் இருந்தால் இந்த இதழின் ஆசிரியருக்கு அறிவியுங்கள். பிரதி எடுத்துவிட்டுத் திருப்பித் தருவேன்.